எமில்டா அக்கா பொறுப்பு நிண்ட பஸ்

எங்கட ஊருக்குள்ள வெளியாள் ஒருத்தர் வாறதெண்டால் ஊராள் ஒருத்தர் பொறுப்பு நிக்கவேணும். கவர்மெண்ட் போட்ட சட்டமில்ல, நாங்களே போட்டது. போன வருசம் ஒரு கொம்பனிக்காரர் வந்து, மன்னார்த் தீவு மணலுக்குள்ள ஏதோ கனிமம் கிடக்குதாம், தோண்டி எடுக்கப்போறமெண்டு வெள்ளைக் குழாயளை இறக்கி எங்கட வளவுகளைக் குத்திக் குத்திப் பாத்தாங்கள். மணலை அள்ளிக்கொண்டு போனால் கிணத்துக்குள்ள கடல்தண்ணி வந்திரும். பிறகு இந்தத் தீவில ஆர் இருக்கிறது, நண்டோ? கோயில் மணியை அடிச்சு, ஊரே றோட்டில படுத்து, அவங்களைத் திருப்பி அனுப்பினம். முதல் ஆளாப் படுத்தது எமில்டா அக்கா. அவவுக்குப் பக்கத்தில படுத்தது நான், நிஷாந்தி. வாகனத்தின்ர சில்லு என்ர தலைமாட்டில வந்து நிண்டது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறேல்ல.

அண்டையில இருந்துதான் இந்தச் சட்டம். கூட்டிக்கொண்டு வந்த ஆக்கள் ஏதும் பிழை விட்டால், அந்தப் பிழை பொறுப்பு நிண்டவரின்ர தலையில. பேந்து அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரில ஒருத்தரும் போகாயினம். கடற்றொழிலாளர் சங்கத்தில எல்லாரும் கை உயர்த்தி ஒத்துக்கொண்டது. அக்காவும் உயர்த்தினவ, நானும்தான்.

மன்னார் ரவுனில எமில்டா எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. "கூட்டத்துக்குச் சமைக்கிற அக்கா" எண்டு கேளுங்கோ, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து விடுவினம். கவர்மெண்ட் கச்சேரிக் கூட்டமோ, என்ஜிஓக் கூட்டமோ, மத்தியானச் சாப்பாடு எங்கட பானையில இருந்துதான். நல்லிணக்கம், வாழ்வாதாரம், பால்நிலை எண்டு காலமை முழுக்கக் கதைச்சுக் களைச்சு வாற ஆக்கள் கடைசியில எங்கட நண்டுக் கறியிலதான் ஒற்றுமையாகிறவை. அவ சமைப்பா. நான் வெங்காயம் உரிப்பன், தேங்காய் திருவுவன், அவவுக்கும் சேத்து வாய் காட்டுவன். அக்கா அதிகம் கதைக்கமாட்டா. சிரிச்சாலும் சத்தம் வராது. எத்தினை தரம் அதுக்காக அவவோட சண்டை பிடிச்சிருப்பன்!

சின்னப்பிள்ளையா இருக்கேக்க சண்டைக்குப் பயந்து, தாய் தகப்பனோட வள்ளத்தில இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில வளந்தவ. அங்க கலியாண வீடுகளுக்குச் சமைக்கப் போற ஆக்களோட கூடப் போய்ப் பழகின கை. அருளப்பன் அண்ணையைக் கட்டினதும் அந்த முகாமிலதான். திரும்பி வந்து பாத்தால் பிறந்த வளவு முழுக்க உடைமரமும் கள்ளியும். ரெண்டு பேருமா வெட்டி வெட்டி அதைத் திருப்பி வளவாக்கினவை. "ரெண்டு கரையிலயும் அகதியா இருந்தாச்சு நிஷாந்தி, இனி இந்த மணலில இருந்து என்னை ஆரும் கிளப்பேலாது" எண்டு ஒருக்காச் சொன்னவ. அவ ஒரே மூச்சில கதைச்ச நீட்டுக் கதை எனக்குத் தெரிய அது ஒண்டுதான்.

அந்த வளவில கடல்பக்கத்துப் பாதியை மகள் ஜெயந்தினிக்குச் சீதனமாக் குடுத்து, அதில வீடும் கட்டத் தொடங்கியாச்சு. சுவர் ஜன்னல் மட்டம் எழும்பீட்டுது. மாப்பிள்ளை டிலக்சன், எங்கட கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கொலின்ஸ் அண்ணையின்ர மகன். கலியாணம் முடிஞ்சால் மாப்பிள்ளை பெண்வீட்டுக் காணியில வந்து இருக்கிறதுதான் எங்கட வழக்கம். டிலக்சன் தங்கமான பெடியன். கொலின்ஸ் அண்ணையும் நல்ல மனிசன்தான், ஆனால் கோவம் வந்தால் கண்மண் தெரியாது. கடலில நிண்டு கத்தினால் தலைமன்னாரில கேக்கும் எண்டு பகிடி பண்ணுவம்.

எங்கட கோயில்ல கலியாணத்துக்கு முதல் மூண்டு ஞாயிறு ஓலை வாசிக்கிறது வழக்கம். இன்னாற்ற மகன் இன்னாற்ற மகளைக் கட்டப்போறார், தடை ஏதும் தெரிஞ்சவை சொல்லுங்கோ எண்டு பூசை முடிவில ஃபாதர் கேப்பார். மூண்டாம் ஓலை வாசிச்சு முடியுமட்டும் பெட்டையைப் பெத்தவளுக்கு நெஞ்சு இடிச்சுக்கொண்டே இருக்கும். ஜெயந்தினிக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் இந்தக் கண்டறியாத மாநாடு வந்து சேந்தது.

கொண்டுவந்தது றஸ்னா மிஸ். முசலிப் பக்கத்துப் பிள்ளை, கம்பஸில படிப்பிக்கிறா. நல்ல பிள்ளை, அதில ஒரு குறையும் சொல்லேலாது. "ஆசியச் சமூகங்களுக்கிடையில் மாறிவரும் தொடர்புகள்" எண்டு பேராம். ரவுனில ரெண்டு நாள் பேச்சு. மூண்டாம் நாள் சனிக்கிழமை எங்கட ஊருக்கு வந்து, அக்காவின்ர சாப்பாட்டைச் சாப்பிட்டு, அக்கரைக்குப் போய் வந்த கதையை அவவின்ர வாயாலயே கேக்கவேணுமாம். ஜப்பான், கேரளா, இந்தோனேசியா, வங்காளதேசம் எண்டு எல்லா இடத்தாலயும் ஆக்கள் வருகினமாம்.

"என்ர கதையைக் கேட்டு ஜப்பான்காரர் என்ன செய்யப்போறாங்கள் பிள்ளை?" எண்டு அக்கா கேட்டவ.

"அக்கா, நீங்கள் கடல் தாண்டிப் போய் வந்தது, சண்டைக்குள்ள எங்கட உம்மா ஆக்கள் ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போய் வந்தது, இந்த ஊர்ப் பெட்டையள் குவைத்துக்குப் போறது, இதைப் பற்றித்தான் அவையும் எழுதுகினம். எழுதிறவை ஒருக்கா ஆக்களையும் வந்து பாக்கட்டுமே" எண்டா றஸ்னா.

நான் வேண்டாமெண்டுதான் கண்ணைக் காட்டினன். ஆனால் அக்காவின்ர முகத்தில அண்டைக்கு ஒரு ஆசை வந்தது. இவ்வளவு காலமா எத்தினை கூட்டத்துக்குச் சோறு போட்டிருப்பா, ஒருத்தராவது அவவை இருத்தி வைச்சு உங்கட கதையைச் சொல்லுங்கோ எண்டு கேட்டதே? அந்த ஆசையைப் பாத்த பிறகு எனக்கு வாய் வரேல்ல.

சங்கக் கூட்டத்தில கொலின்ஸ் அண்ணை முதல் சொல்லிலயே ஏலாதெண்டிட்டார். "பைல் தூக்கிக்கொண்டு வாறவன் எல்லாம் மணலுக்குத்தான் வாறான்!"

அக்கா எழும்பினவ. "நான் பொறுப்பு, அண்ணை."

"சம்பந்தி எண்டதுக்காகச் சட்டம் மாறாது, எமில்டா."

"மாறத் தேவையில்ல" எண்டிட்டு அக்கா இருந்திட்டா.

சனிக்கிழமை பஸ் வந்தது. அருளப்பன் அண்ணை அந்தக் கிழமை அரிப்பு எண்ட ஊரில கடல்தொழிலுக்கு நிண்டவர், அதால வளவில நாங்கள் பெம்பிளையள்தான். வேப்பமரத்துக்குக் கீழ பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, நண்டுக் கறி, கணவாய்ப் பொரியல், சுறா வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி எண்டு எல்லாம் ஆயத்தம். வந்தவை நல்ல மாதிரியான சனம். ஜப்பான் மனிசி ஒருத்தி நண்டை என்னெண்டு உடைக்கிறதெண்டு தெரியாமல் முழிக்க, நானே உடைச்சுக் குடுத்தன். எல்லாரிலயும் கெட்டிக்காரன் கொழும்பில இருந்து வந்த கலாநிதி ரவிசந்திரன். தமிழ் ஆள், கையால பிசைஞ்சு சாப்பிட்டு, ரெண்டாம் தரம் சொதி கேட்டு, "அக்கா, மகளுக்குக் கலியாணமாமே, எப்ப?" எண்டெல்லாம் விசாரிச்சார். அக்காவும் நாளைக்கு மூண்டாம் ஓலை எண்டு வாய் நிறையச் சொன்னவ. நான் கூட, இப்பிடி ஒரு தம்பி எனக்கு இல்லையே எண்டு நினைச்சன். தூ!

சாப்பாடு பாதியில போய்க்கொண்டிருக்க, றஸ்னா அக்காவைக் கதிரையில இருத்திக் கதையைத் தொடங்கப் பண்ணினா. அக்கா வள்ளம், இருட்டு, தாயின்ர மடி எண்டு மெதுவாச் சொல்லச் சொல்ல, றஸ்னா இங்கிலிசில சொன்னா. நான் தயிர்ச்சட்டி எடுக்க ஜெயந்தினியின்ர அரைகுறை வீட்டுக்குப் போனன். நிழல் எண்டு சட்டியளை அங்கதான் வைச்சிருந்தது.

அங்க, குசினி ஆகப்போற அறைக்குள்ள, ரவிசந்திரன் குந்தியிருந்து ஒரு வெள்ளைக் குழாயை மணலுக்குள்ள திருகித் திருகி இறக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில தோள்பை திறந்து கிடக்குது. உள்ளுக்கு மணல் நிரப்பி மூடி போட்ட சின்னக் குழாயள்.

"உதென்ன செய்யிறீங்கள்?"

திடுக்கிட்டார், பிறகு சிரிச்சார். "ஒண்டுமில்ல, சின்ன ஆராய்ச்சி."

நான் ஓடினன். பந்தலுக்குள்ள ஜப்பான் மனிசி கண்ணைத் துடைச்சுக்கொண்டிருக்கு, அக்கா கதையில இராமேஸ்வரம் கரைக்கு வந்திட்டா. "அக்கா, ஒரு தயிர்ச்சட்டி உடைஞ்சு போச்சு, ஒருக்கா வாங்கோ" எண்டு பொய் சொல்லி இழுத்துக்கொண்டு வந்தன்.

அக்கா குழாயைப் பாத்தா, பையைப் பாத்தா.

"ஆருக்குத் தம்பி?"

"எனக்குத்தான் அக்கா. கட்டுரை எழுத."

"நான் போன வருசம் உதே குழாய்க்கு முன்னால படுத்தனான். ஆருக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கொம்பனி என்ர ஆராய்ச்சிக்கு உதவி செய்யுது. மாநாட்டுக்கு எல்லாரையும் மாதிரிப் பேர் பதிஞ்சுதான் வந்தனான், றஸ்னாவுக்குத் தெரியாது. காலமை கடற்கரை பாக்க விட்ட நேரத்தில வேற ரெண்டு இடத்திலயும் எடுத்திட்டன். இடத்தைப் ஃபோனில குறிச்சு அனுப்பியும் போட்டன். இனிப் பெரிய விசயமொண்டும் இல்ல அக்கா." பிறகு, எவ்வளவு மரியாதையாச் சொன்னான் தெரியுமே: "நீங்கள்தான் எங்களுக்குப் பொறுப்பு நிண்டதெண்டு பஸ்ஸில சொன்னவை. வெளிய தெரிஞ்சால் உங்களுக்குத்தான் கரைச்சல். நாளைக்கு மகளின்ர விசயமும் இருக்கு. நானும் பேசாமப் போறன், நீங்களும் பேசாம இருங்கோ."

தேங்காய் திருவலை கையில இருந்திருந்தால் நான் அண்டைக்குக் கொலைக்கேசில மறியலுக்குப் போயிருப்பன்.

அக்காவைச் சுவருக்கு அங்கால இழுத்தன். "மணலைக் கொட்டுவம், குழாயைக் கடலில எறிவம், மூதேவி பஸ்ஸேறிப் போகட்டும். நாளைக்கு ஓலை முடியட்டும் அக்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. நீங்கள் வாய் திறக்கிற ஆளும் இல்லையே!" நான் சொன்னதில பிழை இருக்கெண்டு இப்பவும் நான் நினைக்கேல்ல. பெத்தவளுக்குப் பிள்ளைதானே முதல்?

"மற்ற ரெண்டு வளவுக்காரருக்கும் தெரியாதடி" எண்டா அக்கா. "அவையின்ர மண்ணும் போயிட்டுது, இடமும் போயிட்டுது. நாளைக்கு மெஷின் வந்து அவையின்ர வாசல்ல நிக்கேக்க, நான் தெரிஞ்சும் தெரியாத மாதிரி நிக்கிறதோ?" பிறகு என்ர கையைப் பிடிச்சா. "எனக்குப் பயமா இருக்கு நிஷாந்தி. நீ என்னைக் குழப்பாத."

பையைத் தான் எடுத்துக்கொண்டு, "தம்பி, போய் இருங்கோ. சாப்பாடு முடியேல்ல" எண்டவ. பிறகு செய்ததைக் கேளுங்கோ. பந்தலுக்கு வந்து, எல்லாருக்கும் தயிரும் பனம்பாணியும் பரிமாறினவ! அவசரத்தில கேரளாக்காரரின்ர மடியில தயிர் ஊத்துப்பட்டது. பசியோட ஒருத்தரையும் எழுப்பக்கூடாதாம். எல்லாரும் கை கழுவின பிறகுதான் றஸ்னாவைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவ. பிள்ளை வெளிறிப் போச்சு. "அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியாது அக்கா!"

"தெரியும் பிள்ளை, அழாத. ஆக்களைப் பஸ்ஸில ஏத்திக் கதவைப் பூட்டு. நான் சொல்லுமட்டும் பஸ் வெளிக்கிடக்கூடாது. நிஷாந்தி, நீ கதவடியில நில்."

பையைத் தோளில கொழுவிக்கொண்டு அக்கா கோயிலடிக்கு நடந்தா. நேரங்கெட்ட நேரத்தில அந்த மணியை அடிக்கிறதெண்டால் மணலுக்கு மட்டும்தான். அடிச்ச ஆள் சனம் வருமட்டும் மணிக்குக் கீழயே நிக்கவேணும். றோட்டுக்கு அங்கால, என்ர கண்ணுக்கு முன்னாலதான், அந்தச் சின்ன உருவம் கயித்தைப் பிடிச்சுத் தொங்கித் தொங்கி அடிச்சது. தன்ர மகளின்ர கலியாணத்தைத் தானே அடிச்சு உடைக்கிறாளே எண்டு எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்டா வந்தது.

சனம் திரண்டு வந்திட்டுது. வலையில இருந்தவன் வலைக் கத்தியோட, வள்ளத்தில நிண்டவன் துடுப்போட. கொலின்ஸ் அண்ணை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, முழங்கால் மட்டும் ஈரத்தோட ஓடி வந்தார்.

"ஆர் அடிச்சது?"

"நான்தான், அண்ணை." அக்கா பையைத் திறந்து எல்லாருக்கும் காட்டினவ. "நான் கூட்டிக்கொண்டு வந்த ஆக்களில ஒருத்தர் கொம்பனிக்கு மணல் எடுத்திருக்கிறார். மூண்டு வளவில எடுத்திருக்கிறார்."

"பொறுப்பு நிண்டது ஆர்?" அவருக்குத் தெரியாதோ? சனத்துக்கு முன்னால அவவின்ர வாயால வரப்பண்ணினார்.

"நான்தான்."

அதுக்குள்ள பின்னால நிண்ட பெடியள் பஸ்ஸை நோக்கி ஓடத் தொடங்கீட்டாங்கள். "வித்துப்போட்டாள், பஸ் நிறைய ஆள் கொண்டுவந்து வித்துப்போட்டாள்" எண்டு ஒருத்தன் கத்திறான். ஒரு கல்லு வந்து பஸ் கண்ணாடியில விழுந்து நொருங்கினது. உள்ளுக்கு இந்தோனேசியப் பெட்டை வீரிட்டாள். நான் கதவில முதுகைக் குடுத்துக்கொண்டு எனக்குத் தெரிஞ்ச தூசணம் எல்லாம் பேசினன், ஆர் கேக்கிறது? அக்கா ஓடி வந்தா. அவ ஓடி நான் கண்டதே இல்ல. சீலை அவிழ அவிழ வந்து, எனக்கு முன்னால கையை விரிச்சுக்கொண்டு நிண்டா.

"இதுக்குள்ள இருக்கிறது என்ர சோத்தைத் திண்ட சனம்! ஒருத்தனைத் தவிர மற்றவை ஒரு பாவமும் அறியாதவை. எறியிறதெண்டால் எனக்கு எறியுங்கோ, பொறுப்பு நிண்டது நான்!"

அவவின்ர குரல் அவ்வளவு உயரும் எண்டு எனக்கே தெரியாது. பெடியள் நிண்டாங்கள். அக்கா திரும்பிக் கதவைத் தட்டினா. "தம்பி, இறங்குங்கோ."

அவன் இறங்கமாட்டன் எண்டு கதிரையைப் பிடிச்சுக்கொண்டிருந்தான். கடைசியில றைவரே எழும்பி வந்து, "உமக்காக நாங்கள் எல்லாரும் சாகேலாது, இறங்கும்" எண்டு பிடிச்சுத் தள்ளினவர். அக்கா அவன்ர மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சா. "எடுத்த இடத்தில திருப்பிக் கொட்டவேணும். நான் கூட வாறன். என்ர கையை விட்டால் உங்களுக்கு என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது." அவன் விடேல்ல. சின்னப்பிள்ளை மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நடந்தான்.

சனம் ரெண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வருகுது. ஒருத்தன் காறித் துப்பினான், அது அக்காவின்ர சீலையில விழுந்தது. முதல் இடம், கடற்கரையோரம் சூசை அண்ணையின்ர வளவு. குந்தி இருந்து கொட்டினான். மற்ற இடத்தை அவன் கையால காட்டினான். கொலின்ஸ் அண்ணையின்ர மீன்வாடிக்குப் பின்பக்கம்! அந்த மனிசன் முகம் கறுத்து, கையை ஓங்கிக்கொண்டு பாய்ஞ்சார். அக்கா இடையில புகுந்தா. அடி அவவின்ர தோளில விழுந்தது.

கொலின்ஸ் அண்ணை தன்ர கையையே பாத்துக்கொண்டு நிண்டார். அக்கா அவனைப் பாத்து, "கொட்டுங்கோ தம்பி" எண்டா. அவ்வளவுதான்.

கடைசியா ஜெயந்தினியின்ர அரைகுறை வீடு. குசினி அறைக்குள்ள அவன் கொட்டி முடிக்க, கொலின்ஸ் அண்ணை வாசலில நிண்டு கேட்டார். "உன்ர காணியிலயும் எடுத்தவனோ? அப்ப நீ பேசாம விட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராதே."

"இது உங்கட மகன் வந்து இருக்கப்போற காணி, அண்ணை. இதுக்குள்ள ஒரு பொய்யைத் தாட்டு வைச்சிட்டு அவனை உள்ளுக்கு வா எண்டு என்னெண்டு கூப்பிடுறது?"

கொலின்ஸ் அண்ணை, "காலமை ஃபாதரிட்டப் போறன்" எண்டு மட்டும் சொல்லீட்டுத் திரும்பிப் பாராமல் போனார். ஃபாதரிட்டப் போறதெண்டால் வேற என்னத்துக்கு? ஓலையை நிப்பாட்டத்தான். நிண்ட சனத்துக்கும் அது விளங்கினது. ஒவ்வொருத்தராக் கலைஞ்சு போச்சினம். போகேக்க ஒருத்தி கூட அக்காவின்ர முகத்தைப் பாக்கேல்ல. நேற்று வரைக்கும் அக்கா அக்கா எண்டு திரிஞ்ச மூஞ்சையள்!

ரவிசந்திரன் ஃபோனில குறிச்சதை அழிச்சான். அனுப்பினதை என்ன செய்யிறது? அது போனது போனதுதான். றஸ்னா ஃபோன் பண்ணிக் கூப்பிட்ட பொலிஸ் வந்து விசாரிச்சு அவனை ஜீப்பில ஏத்திக்கொண்டு போச்சுது. பஸ் வெளிக்கிடேக்க வங்காளதேசத்து மனிசி ஒருத்தி இறங்கி வந்து, சாப்பிட்ட கோப்பையளைக் கழுவித் தந்திட்டுப் போறன் எண்டு கையைக் காட்டி நிண்டா. நான் கத்திப் பேசி அவவைத் திருப்பிப் பஸ்ஸில ஏத்தினன். பாவம், அந்த மனிசியில என்ன பிழை? எனக்கு ஆரையாவது ஏசவேணும் போல இருந்தது.

ஜெயந்தினி அடுப்படியில இருந்து அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, மணியை அடிக்க முதல் என்னட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?"

பிள்ளை முழங்காலுக்குள்ள முகத்தைப் புதைச்சாள். அக்கா அவளைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு, "என்னை மன்னிச்சிரு மேளே" எண்டு விக்கி விக்கி அழுதா. எனக்கும் தாங்கேலாமல் போச்சு.

ஞாயிறு காலமை, பூசைக்குப் போகவேண்டாம் அக்கா, சுகமில்லையெண்டு சொல்லுவம் எண்டு கெஞ்சிப் பாத்தன். "பொறுப்பு நிண்டவ ஒளிக்கிறதோ?" எண்டு சீலையை உடுத்துக்கொண்டு முன்னால போறா. தோள் வீங்கிக் கையை உயர்த்தேலாமல் ஜெயந்தினிதான் சீலைக்கு ஊசி குத்திவிட்டவள். நாங்கள் கோயில் வாசலுக்குப் போகவும், கொலின்ஸ் அண்ணை ஃபாதரின்ர அறையில இருந்து வெளியில வரவும் சரியா இருந்தது. எங்களைக் கண்டும் காணாத மாதிரி உள்ளுக்குப் போனார். போச்சு, எல்லாம் போச்சு எண்டு நினைச்சன்.

நாங்கள் போய் இருந்த மர வாங்கில மற்ற ஒருத்தரும் வந்து இருக்கேல்ல. கோயிலுக்குள்ள அவ்வளவு நெருக்கம், எங்கட வாங்கில மட்டும் மூண்டு பேர். பின் கதவடியில வழமையாச் சாய்ஞ்சு நிக்கிற ஆக்கள் குசுகுசுவெண்டு கதைக்கிறது பூசை முழுக்கக் கேக்குது. "வித்தவள்", "பஸ்காரி" எண்டு காதில விழுகுது. அக்கா நெற்றியை முன்வாங்கில வைச்சுக்கொண்டு குனிஞ்சு இருந்தா.

பூசை முடிஞ்சு அறிவித்தலுக்கு ஃபாதர் கடதாசியை எடுத்தார். பங்குச் சபைக் கூட்டம் வாசிச்சார், மறைக்கல்வி வகுப்பு வாசிச்சார். கண்ணாடியைச் சரி பண்ணினார்.

"மூன்றாம் ஓலை. இப்பங்கைச் சேர்ந்த கொலின்ஸ், மரியம்மா ஆகியோரின் புதல்வன் டிலக்சனுக்கும், அருளப்பன், எமில்டா ஆகியோரின் புதல்வி ஜெயந்தினிக்கும்..."

அக்கா தலையை நிமித்தினா. ஓலை நிக்கேல்ல! ஆனால் தடை கேக்கிறது இனித்தானே இருக்கு. "இவ்விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" எண்டு ஃபாதர் வாசிச்சு முடிக்க, முன்வாங்கில இருந்து கொலின்ஸ் அண்ணை எழும்பினார்.

மாதாவே, சனத்துக்கு முன்னாலயே சொல்லி வெக்கப்படுத்தப் போறார் எண்டு நான் கண்ணை மூடீட்டன்.

"தடை ஒண்டும் இல்ல ஃபாதர், காலமை உங்களிட்டயும் அதைச் சொல்லத்தான் வந்தனான்" எண்டார் கொலின்ஸ் அண்ணை. பிறகு பின் கதவுப் பக்கம் திரும்பி நிண்டு, கடலில கத்திற அந்தக் குரலில சொன்னார்: "ஆனால் அங்க பின்னுக்கு நிக்கிற ஆக்கள் கதைச்சுக்கொண்டிருந்தவை, அவைக்குக் கேட்டிராது. திருப்பி ஒருக்கா வாசியுங்கோ. என்ர சம்பந்தியின்ர பேரை மட்டும் கொஞ்சம் உரத்து வாசியுங்கோ."